உபயம்: பொன்னழகு

கொடுப்பவர், வாங்குபவர் என்று உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், திண்டுக்கல் பக்கம் நீங்கள் வந்ததே இல்லை என்று அர்த்தம். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. கொடுப்பவரிடம் வாங்கி, வாங்குபவரிடம் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் தன் பெயரை எழுதிவிட்டு வரும் இனம். கோயில் மணியிலும், சத்திரத்துத் தண்ணீர்த் தொட்டியிலும், பள்ளிக்கூடத்துப் பெஞ்சியிலும், மயானத்துத் தகரக் கொட்டகையிலும்கூட ‘உபயம்’ என்று ஒரு சொல்லைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அந்தச் சொல்லுக்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவர்தான் உபயதாரர்.

அவரைப் பற்றி உனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்பீர்கள். வேறொன்றுமில்லை, தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று அவருக்குத்தான் முகச்சவரம் செய்துவிடுகிறேன்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கக்கத்தில் ரசீதுப் புத்தகம், கையில் குடை, முகத்தில் ஊர்க்கவலை முழுவதும். அவர் மேற்கு ரத வீதியில் ஒரு முனையில் நுழைந்தால் மறுமுனை வரைக்கும் கடைக்காரர்களுக்குத் திடீரென்று பசி எடுக்கும், சாப்பிடப் போய்விடுவார்கள். போக நேரமில்லாதவர் கல்லாவில் உட்கார்ந்தபடியே, “மொதலாளி வத்தலக்குண்டு போயிருக்காருங்க” என்று தம்மைப் பற்றித் தாமே தகவல் சொல்வார். உபயதாரர் இதற்கெல்லாம் அசைவாரா? “அதனாலென்ன, வர்ற வரைக்கும் செத்த நேரம் இருக்கேன்” என்று பெஞ்சியில் உட்கார்ந்து, குடையை மடியில் வைத்துக்கொள்வார். முதலாளி கடைசியில் வத்தலக்குண்டிலிருந்து திரும்பித்தான் ஆகவேண்டும்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில் நாங்கள் ஒரு சங்கம் ஆரம்பித்தோம். கால் வராதவர்கள், கண் தெரியாதவர்கள், பள்ளிக்கூடம் போக வழியில்லாத பிள்ளைகள், இவர்களுக்கு உதவுவது நோக்கம். நோக்கம் ஒரு காப்பி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. ‘அங்கஹீனர், ஆதரவற்ற சிறுவர் சகாய சங்கம்’ என்ற பெயர் முடிவாவதற்குள் சித்திரை போய் ஆடி வந்துவிட்டது. புகையிலை மண்டி ராயப்பராஜ் தலைவர். பேகம்பூர்த் தோல் வியாபாரி அப்பாஸ் பொருளாளர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காகிதக் கடை வைத்திருக்கும் பொன்னழகு, அதாவது அடியேன், கௌரவக் காரியதரிசி. கௌரவ என்றால் சம்பளம் கிடையாது என்று பொருள். மற்றவர்களுக்குத்தான் அப்படி, எங்கள் இனத்துக்கு அதுதான் சம்பளமே. “கௌரவம்னா எம்புட்டுங்க? படிக்கணக்கா, மரக்கா கணக்கா? ஒலை காயுது, கொண்டாங்க” என்று என் மனைவி பழனியம்மாள் கேட்டதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

முதலில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சிலேட்டு கொடுத்தோம். சும்மா கொடுப்போமா? மரச்சட்டத்தில் பெயர் எழுத இடம் போதவில்லை. ஆகவே சிலேட்டிலேயே, அழியாத வெள்ளை வர்ணத்தில், சங்கத்தின் பெயரும் தலைவர் பெயரும் அவருடைய மண்டியின் விலாசமும் எழுதிவிட்டோம். மிச்சமிருந்த மூலையில் பிள்ளைகள் ‘அ’ எழுதினார்கள். ‘ஆ’வுக்கு இடமில்லை. ஒரு பையன் உயிரெழுத்து முழுக்கத் தெரிவதற்கு முன்பே ‘புகையிலை மண்டி’ என்று பிழையில்லாமல் எழுதினான் என்று வாத்தியார் வந்து சொன்னபோது, நாங்கள் அதைக் கல்விப் பணி என்றே எடுத்துக்கொண்டோம்.

இப்படி இருக்கையில் பேச்சாயி வந்தாள். அகரத்துப் பெண். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காலும் சூம்பிவிட்டன. ஆனால் கை இருக்கிறதே, அம்மாடி! அவள் கட்டும் மல்லிகைச் சரத்தில் பூவுக்கும் பூவுக்கும் நடுவில் எறும்பு நுழையாது. அண்ணன் கருப்பணன்தான் காலையில் அவளை முதுகில் சுமந்து வந்து பஸ் ஸ்டாண்டு வாசலில் உட்கார வைப்பான். சாயந்தரம் சுமந்து போவான். அவனுக்கு வத்தலக்குண்டில் வேலை கிடைத்துவிட்டது. இனி யார் சுமப்பது? அண்ணன் முதுகில் இருந்தபடியே என் கடை வாசலில் கேட்டாள்: “எனக்குச் சோறு வேணாங்கய்யா, துணி வேணாம். சக்கரம் வச்ச வண்டி ஒண்ணு வேணும். மத்ததை நானே பாத்துக்குவேன்.”

கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்காக நாங்கள் நாடகம் போட்டோம், தெருத்தெருவாய் உண்டியல் குலுக்கினோம், ராயப்பராஜின் மண்டிக்குப் புகையிலை ஏற்றி வந்த வண்டிக்காரர்களைக்கூட விடவில்லை. எங்கள் இனத்தைப் பற்றி நீங்கள் என்ன வேண்டுமானாலும் பேசுங்கள், இதை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: வண்டி வந்துவிட்டது.

வந்தால் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியதுதானே என்கிறீர்களா? எழுதவேண்டாமா? பெயிண்டர் ஒச்சப்பனைக் கூப்பிட்டோம். உட்காரும் பலகையில் தலைவர் பெயர், மணியில் அவருடைய சம்சாரம் பெயர், மட்கார்டில் அப்பாஸ் பெயர். “எனக்கு வேணாங்க, மேல இருக்கவனுக்குத் தெரிஞ்சாப் போதும்” என்றார் அப்பாஸ். மேலே இருப்பவனுக்குத் தெரியும், மேற்கு ரத வீதிக்குத் தெரியவேண்டாமா? எழுதிவிட்டோம். வண்டியின் பின்பக்கத்தில் ஒரு பெரிய தகரப் பலகை அடித்து, அதில் சங்கத்தின் பெயரையும் மறுபடியும் தலைவர் பெயரையும் நாடகத்துக்குப் பந்தல் போட்டவர் முதல் சோடா சப்ளை செய்தவர் வரையிலும் எழுதி, அடியில் ‘கௌரவக் காரியதரிசி பொன்னழகு’ என்றும் எழுதிய பிறகு, எனக்கும் சோடாவுக்கும் நடுவில் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. காலி இடத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

“ஒச்சப்பா, ‘தாராளமாக உதவுங்கள்’னு எழுது” என்றேன்.

எங்கள் ரசீதில், உண்டியலில், நோட்டீஸில் எல்லாம் என் பெயருக்கு மேலே அதுதானே இருக்கும்? பழக்கம், வேறென்ன!

விழா மேடையை ஆள் உயரத்துக்குக் கட்டியிருந்தோம். நடக்க முடியாதவளுக்கு வண்டி கொடுக்கும் மேடைக்குப் படி வைத்திருக்கிறோம் என்பது வரவேற்புரையின் நடுவில்தான் எனக்கு உறைத்தது. வண்டி மேலே, பேச்சாயி கீழே. கருப்பணன் கடைசி முறையாக அவளைச் சுமந்து ஏற்றினான். போட்டோ எடுத்தார்கள். அந்தப் படம் இன்னும் என் கடையில் மாட்டியிருக்கிறது. தலைவர், நான், தகரப் பலகை எல்லோரும் தெளிவாக விழுந்திருக்கிறோம். பேச்சாயி என் அங்கவஸ்திரத்துக்குப் பின்னால் இருக்கிறாள்.

மறுநாள் முதல் அவள் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து பஸ் ஸ்டாண்டு வாசலில் கடை போட்டாள். கடையில் இருந்தபடியே அந்தத் தகரத்தைப் பார்த்துப் பூரித்துப்போவேன். ஆனால் ஊரில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன். கொடைக்கானல் போகிறவர்கள் வந்தார்கள், படித்தார்கள், முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு, பூக்கூடையில் காசைப் போட்டுவிட்டு நடந்தார்கள்.

“ஏங்க, காசு போட்டீங்களே, பூவ வாங்கிட்டுப் போங்க!”

“பரவால்லம்மா, நீயே வச்சுக்க.”

பூவை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? எதிர்வரிசையில் இருந்த பூக்காரியிடம் கூட்டம் மொய்த்தது. இவளிடம் வந்தவர்களுக்குப் புண்ணியம் கிடைத்தது. ஒருநாள் மத்தியானம் வண்டி என் கடைக்கு முன்னால் வந்து நின்றது. கூடை நிறைய வாடிய மல்லிகை, அதன்மேல் சில்லறை.

“காசு வருதுல்ல, தாயி?” என்றேன் நான். எங்கள் இனத்துக்கு இதற்குமேல் புத்தி ஓடாது.

“பிச்சக்காசு வருதுங்கய்யா. பூ போகல. எங்கண்ணன் முதுகுல வந்தப்பக்கூட என்னையப் பூக்காரின்னுதான் சொன்னாங்க. இப்ப ஒங்க எழுத்தப் பாத்துட்டு, தரைவாடகை வசூல் பண்றாரே மொக்கைச்சாமி, அவரு வந்து, ‘யாவாரம்னா வாடகை குடுத்து இரு, பிச்சைன்னா எடத்தக் காலி பண்ணு, பலகையில இருக்கிறதத்தான் நான் பாப்பேன்’னு சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை. அந்த எடம் போச்சுன்னா எனக்கு வேற எடம் ஏதுங்க? அத அழிச்சுக் குடுங்கய்யா.”

அழிப்பதா! அன்று சாயந்தரமே அவசரக் கூட்டம் போட்டேன். “அழிக்கிறதுன்னா மொதல்ல யார் பேர அழிக்கிறது? அதச் சொல்லுங்க” என்றார் ராயப்பராஜ். சோடாக்காரரை அழித்தால் அடுத்த விழாவுக்குச் சோடா வராது. பந்தல்காரரை அழித்தால் பந்தல் வராது. “அந்த ‘தாராளமாக உதவுங்கள்’ மட்டும் போனாப் போதுமே” என்றார் அப்பாஸ் மெதுவாக. எனக்குச் சுருக்கென்றது. பலகையிலேயே என் சொந்த வாக்கியம் அது ஒன்றுதானே? இப்படியே நெடுநேரம் விவாதித்து, யார் மனமும் புண்படாத ஒரு முடிவுக்கு வந்தோம். எதையும் அழிப்பதில்லை, ‘இவர் பிச்சைக்காரர் அல்ல’ என்று இன்னொரு தகரம் எழுதிக் கீழே தொங்கவிடுவது. தீர்மானத்தை நான் முன்மொழிந்தேன். அதற்குக் கீழே ‘உபயம்’ என்று யார் பெயரைப் போடுவது என்பதில்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஈரம் காயாத தகரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பேச்சாயி வண்டியை விட்டு இறங்கி, அதன் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாலை போடுகிறவர்களிடம் ஒரு சிரட்டையில் தார் வாங்கி, தேங்காய் நாரால் தொட்டுத் தொட்டுப் பூசிக்கொண்டிருந்தாள். சங்கம் போய்விட்டது. தலைவர் போய்விட்டார். பந்தலும் சோடாவும் போய்விட்டன. ‘தாராளமாக உதவுங்கள்’ இருந்த இடத்தில் கறுப்பாகப் பளபளவென்று இருந்தது.

“தப்பா நெனைக்காதீங்கய்யா. ஒங்க கூட்டம் முடியுற வரைக்கும் பூ தாங்காது” என்றாள். பிறகு நாரைத் தாரில் தோய்த்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “இந்த ஒரு வரிதான் மிச்சம். ஒங்க பேரு. இதையும் அழிச்சிரட்டுமாங்கய்யா?”

‘அழி தாயி’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கொடைக்கானல் பஸ் ஆளை ஏற்றி, ஹார்ன் அடித்து, புகை விட்டு, கிளம்பியே போய்விட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு வெட்கமாய், ஈரத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சிரட்டையைக் கீழே வைத்தாள். “சரி, இருந்துட்டுப் போகட்டும். அது யாரையும் ஒண்ணும் பண்ணாது” என்றாள்.

அந்த நேரம் பார்த்து மொக்கைச்சாமி வந்தார். பலகையைச் சுற்றிவந்து பார்த்தார். “எல்லாம் அழிஞ்சிருச்சே. அது யாரு, ‘கௌரவக் காரியதரிசி பொன்னழகு’?”

“எங்கடையில வேலை பாக்குறவருங்க” என்றாள் பேச்சாயி.

“பூக்கடைக்குக் காரியதரிசியா! சம்பளம் எம்புட்டு?”

“சம்பளம் கெடையாதுங்க. கௌரவம்.”

மொக்கைச்சாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். தரைவாடகைச் சீட்டைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். அவள் இடம் நிலைத்தது. வியாபாரம் பழையபடி சூடு பிடித்தது. இப்போது எதிர்வரிசைப் பூக்காரி இவளைப் பார்த்து முனகுகிறாள். தகரத்தின் உச்சியில் பேச்சாயி வரிசையாக ஆணி அடித்து, கட்டிய சரங்களைத் தொங்கவிடுகிறாள். அவை என் பெயரை அடியோடு மறைத்துவிடுகின்றன. பூ முழுவதும் விற்றுத் தீர்ந்தால்தான் ‘பொன்னழகு’ வெளியே தெரியும். சில நாள் சாயந்தரம் ஒரு முழம், இரண்டு முழம் தேங்கிப்போய், சரியாக ‘ழ’வின் மேல் தொங்கிக்கொண்டிருக்கும். நான் என்ன செய்வேன்? கடையைப் பூட்டிவிட்டுப் போய் அதை வாங்கிவிடுவேன். இந்த வயதில் அடிக்கடி மல்லிகை வாங்கி வருகிறாரே என்று பழனியம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு வைத்துக்கொள்கிறாள். நானும் காரணம் சொல்லவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். தங்கை மகள் கல்யாணத்துக்கு ஒரு குடமும் டம்ளரும் கொடுத்தீர்களே, அதைப் பாத்திரக் கடையிலேயே உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தாய் வெட்டச் சொன்னது யார்? அடுத்த தடவை அந்த வீட்டுக்குப் போகும்போது தாகமே இல்லாவிட்டாலும் தண்ணீர் கேட்பீர்கள். குடிப்பதற்கு முன்னால் டம்ளரைக் கொஞ்சம் திருப்பிப் பார்ப்பீர்கள். பார்த்துவிட்டு நேரே என் காகிதக் கடைக்கு வாருங்கள். அன்று நான் தூக்கிக்கொண்டு ஓடிய தகரம் சும்மா கிடக்கிறது. அதில் ‘உபயம்’ என்பதற்குப் பக்கத்தில் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.