பட்டியலில் வெகு உயரத்தில்

சிக்னி ஹாகன் அந்த மின்னஞ்சலைச் சமையலறையில் நின்றபடி மூன்றாம் முறையாக உரக்க வாசித்தாள். அவளுடைய அப்பா ஓர்வில், முதல்முறை கேட்பவரைப் போலவே மூன்றாம் முறையும் தலையாட்டினார்.

"'உங்கள் படைப்புகள் தேர்வுக் குழுவை ஆழமாகச் சங்கடப்படுத்தின. ஆகவே உங்களைக் காத்திருப்போர் பட்டியலில் மகிழ்ச்சியுடன் சேர்த்திருக்கிறோம்.' மகிழ்ச்சியாம்ப்பா. சங்கடப்பட்டவனுக்கு எங்கேருந்து மகிழ்ச்சி வரும்?"

"அது ஒரு மாதிரி வித்தியாசமாத்தான் இருக்கு," என்றார் ஓர்வில்.

எங்கள் டுலூத் ஊரில் இதைவிடக் கடுமையான வசை கிடையாது. பக்கத்து வீடு கூரையோடு பறந்துபோனாலும் வேலியோரம் நின்று இதைத்தான் சொல்வோம்.

சிக்னிக்கு எங்குமே இடம் கிடைக்கவில்லை என்றில்லை. நெப்ராஸ்காவிலிருக்கும் டில்டன் பல்கலைக்கழகம் நுண்கலை மேற்படிப்புக்கு அவளை இரு கை நீட்டி அழைத்திருந்தது. கட்டணம் கிடையாது. மாதாமாதம் உதவித்தொகை உண்டு. தனக்கென்று ஒரு பட்டறையும் உண்டு. அந்தப் பட்டறை முன்பு மாட்டுக் கண்காட்சிக் கொட்டகையாக இருந்தது என்பதையும், மழை பெய்தால் வாடையில் அது இன்னும் தெரியும் என்பதையும் அவர்களே நேர்மையாக எழுதியிருந்தார்கள். ஏப்ரல் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் வெக்ஸ்கோம்ப் என்பது வெக்ஸ்கோம்ப். கிழக்குக் கடற்கரையில் இருக்கும் கலைப் பள்ளி. அங்கே படித்தவன் ஒரு நாற்காலியைத் தலைகீழாக வைத்தால் நியூயார்க்கிலிருந்து ரயிலேறி வந்து பார்ப்பார்கள். டில்டனில் அதே நாற்காலியைத் தலைகீழாக வைத்தால் யாராவது வந்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவார்கள். கடைகளின் வண்டி நிறுத்துமிடங்களில் குளிர்காலம் முழுக்கக் கறுத்துக் கிடக்கும் பனிக்குவியல்களை பிளாஸ்டரில் வார்த்து எடுப்பதுதான் சிக்னியின் கலை. நாற்காலியை நிமிர்த்தி வைப்பவர்கள் மத்தியில் ஆயுளைக் கழிக்க அவள் தயாராக இல்லை.

"டில்டனுக்கே போயேன் கண்ணு," என்றாள் அம்மா மார்லிஸ், கேக் தட்டை மேஜையில் வைத்தபடி. "காசும் குடுக்கறாங்க. நல்ல மனுஷங்க மாதிரி தெரியுது."

"நல்ல மனுஷங்ககிட்ட யாரும்மா கலை கத்துக்குவாங்க?"

மார்லிஸ் பதில் சொல்லவில்லை. பல் மருத்துவமனையில் இத்தனை வருஷம் அடுத்தவர் பற்களைச் சுத்தம் செய்துவிட்டு, போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். வாய் திறந்திருக்கும் ஆட்களிடம் பதில் எதிர்பார்க்காமலும் பதில் சொல்லாமலும் இருந்து பழகியவள். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் ஓவியத்தில் பட்டம் வாங்கியவள்தான். சிக்னி பிறந்ததும் பற்களுக்குப் போய்விட்டாள். இப்போது நிலவறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நினைவிலிருந்து வாய்களை வரைந்துகொண்டிருந்தாள். திறந்த வாய்கள். எண்ணெய் வண்ணத்தில், உள்ளங்கை அளவில், சுவர் முழுக்க.

"பொழுதுபோக்கு" என்பது சிக்னியின் தீர்ப்பு. ஆனாலும் அவள் நல்ல மகள். போன இலையுதிர் காலத்தில் தன் விண்ணப்பத்துக்காகப் பனிக்குவியல்களைப் படமெடுக்க விளக்குகள் கட்டியபோது, கட்டியதுதான் கட்டினோமே என்று அம்மாவின் வாய்களையும் எடுத்துக் கொடுத்தாள். சர்ச் விற்பனைக்காகவோ எதற்காகவோ அந்த வாய்களைப் பற்றிப் பத்து வரி எழுதித் தரும்படி அம்மா கேட்டபோது, 'பேச முற்பட்ட கணத்திலேயே நிறுத்திவைக்கப்பட்ட மனிதர்கள்' என்று ஆரம்பித்து, பல் தேய்த்துக்கொண்டே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

சிக்னி வெக்ஸ்கோம்புக்கு போன் போட்டாள். அலுவலகப் பெண்ணின் குரல் தேனாக இருந்தது. பட்டியலில் தான் எத்தனையாவது ஆள் என்று சிக்னி கேட்டாள்.

"நீங்க ரொம்ப உயரத்துல இருக்கீங்க, மிஸ் ஹாகன்."

"உயரம்னா? முதல் ஆளா?"

"வெகு உயரத்துல."

போனை வைத்த சிக்னி, தான்தான் முதல் ஆள் என்று வீட்டில் அறிவித்தாள். "அவ அப்படியா சொன்னா?" என்று அம்மா கேட்டாள். நேராகச் சொல்லவில்லை, ஆனால் அதைவிட உயரம் எங்கே இருக்கிறது என்று சிக்னி திருப்பிக் கேட்டாள். மார்லிஸ் கேக்கைத் துண்டு போட ஆரம்பித்தாள்.

முதல் ஆள் சும்மா இருக்கக் கூடாது, ஆர்வத்தைக் காட்ட வேண்டும் என்று சிக்னிக்குத் தோன்றியது. புகைப்படம் அனுப்பினால் எல்லோரையும் போல ஆகிவிடும் என்று, தன் பனிக்குவியல்களில் ஆகச் சிறந்ததைப் பெட்டியில் அடைத்து வெக்ஸ்கோம்புக்கு அனுப்பிவைத்தாள். பனி, மேலே ஒரு ஒற்றைக் கையுறை, பக்கவாட்டில் டயர் தடம். அது போய்ச் சேர்ந்தபோது கையுறையைத் தவிர எல்லாம் நொறுங்கியிருந்தது.

இதைச் சொல்லி அவள் மன்னிப்புக் கேட்பதற்குள் பாராட்டு வந்துவிட்டது. முழுமையைக் கைவிட்டுச் சிதறலை நோக்கி அவள் நகர்ந்திருக்கும் துணிச்சல் குழுவை உலுக்கிவிட்டதாம். இந்தப் புதிய படைப்போடு ஒப்பிடும்போது, முன்பு அனுப்பிய உடையாத படைப்புகள் சற்றே கோழைத்தனமாகத் தெரிகின்றனவாம்.

"கோழைத்தனமா?" சிக்னி கொதித்தாள். "உடைச்சது கூரியர்காரன். அவனுக்கு சீட் குடுப்பாங்களா?"

"கேட்டுப் பாரேன்," என்றார் ஓர்வில்.

ஏப்ரல் பதினைந்து நெருங்கிக்கொண்டிருந்தது. விண்ணப்பித்தவர்கள் பெயரை மறைத்துக்கொண்டு புலம்புவதற்கென்றே ஒரு இணையதளம் உண்டு. சிக்னி அங்கே குடியேறினாள். ஒரு நாள் காலை, தேடியது கிடைத்துவிட்டது. ஓக்லஹோமாவின் டல்சாவிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். பழைய டயர்களில் ரோஜாப்பூ எம்பிராய்டரி போடுபவன். வெக்ஸ்கோம்பில் அவனுக்குச் சீட் கிடைத்திருந்தது. ஆனால் கையில் காசில்லை. உதவித்தொகை தரும் இன்னொரு இடத்தில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறான். அங்கே இடம் கிடைக்கிறவரை வெக்ஸ்கோம்பை விடப் போவதில்லை.

சிக்னிக்கு ரத்தம் தலைக்கேறியது. அங்கேயே நின்றபடி அவனுக்கு ஒரு பதில் எழுதினாள். தனக்கு வேண்டாத சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு பிறத்தியார் வாழ்க்கையை நிறுத்திவைப்பவன் கலைஞனே அல்ல என்றாள். பேருந்தில் பக்கத்து இருக்கையில் பையை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் இனம் என்றாள். மனசாட்சி உள்ளவன் ஒரு நிமிஷத்தில் முடிவு சொல்வான் என்றாள். எழுதியதை அம்மா அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினாள்.

பதிலுக்கு அவனும் கொதித்திருந்தான். "இதை என்கிட்ட ஏன் சொல்றீங்க? நெப்ராஸ்காவுல டில்டன்ல ஒரு ஜென்மம் சீட்டைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு வாயே திறக்காம உட்கார்ந்திருக்கு. அதுகிட்டப் போய்ச் சொல்லுங்க."

"பாரும்மா, இவன் பண்றதையும் பண்ணிட்டு, டில்டன்ல இருக்கற எவளோ ஒருத்தி மேல..." சிக்னி பாதியில் நின்றாள்.

மார்லிஸ் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "அந்த ஜென்மம் நீதானா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

சிக்னி, அது வேறு இது வேறு என்றாள். எப்படி வேறு என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

டயர்க்காரனின் பெயர் குயின்டன். அன்று மாலையே இருவரும் போனில் பேசினார்கள். அவன் வெக்ஸ்கோம்பை விட்டால் இவளுக்கு அது. இவள் டில்டனை விட்டால் அவனுக்கு அது. டில்டன் பட்டியலில் தான்தான் முதல் ஆள் என்று அவர்கள் எழுத்திலேயே சொல்லியிருப்பதாகக் குயின்டன் சொன்னான். தனக்கும் ஏறக்குறைய அப்படித்தான் என்றாள் சிக்னி. மிச்சமிருந்த ஒரே சிக்கல், யார் முதலில் விடுவது என்பது.

"நீங்க விடுங்க, அடுத்த நிமிஷம் நான் விடறேன்," என்றான் குயின்டன்.

"ஏன், நீங்க விடுங்களேன்?"

"பேருந்துல பை வைக்கிறவன்னு சொன்னீங்களே, அதுக்கப்புறமா?"

முடிவு நாளன்று மதியம் இருவரும் போனில் பேசிக்கொண்டே ஒரே சமயத்தில் விலகுவது என்று தீர்மானமானது.

அன்று மதியம் சாப்பாட்டு மேஜையே போர்க்களத் தலைமையகமாக இருந்தது. நடுவில் மடிக்கணினி. பக்கத்தில் எலுமிச்சைக் கேக் தட்டு. அதில் ஒரே ஒரு துண்டு மிச்சம். எங்கள் ஊரில் கடைசித் துண்டை யாரும் எடுப்பதில்லை. பாதியாக வெட்டி, ஒரு பாதியை எடுத்துக்கொண்டு மறுபாதியை விட்டுவைப்போம். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி எடுப்பார். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்ததும் தட்டைக் கழுவிவிடுவோம். முழுசாக எடுத்துச் சாப்பிட்ட ஆளை நான் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதுமில்லை.

"ஒரு விஷயம் கேக்கறேன்," என்றாள் மார்லிஸ். "அந்தப் பையன் விட்டுட்டா, சீட்டு லிஸ்ட்ல முதல்ல இருக்கறவங்களுக்குத்தானே போகும்?"

"ஆமாம்மா. அதான் விதி."

"கிடைச்சவங்க உடனே பதில் சொல்லணுமா?"

"ஒரு வாரம் குடுப்பாங்க. எதுக்கு ஒரு வாரம்? எனக்கெல்லாம் ஒரு மூச்சு போதும்."

"உனக்கு முன்னாடி வேற யாராவது இருந்தா என்னடி பண்ணுவ? அவசரப்பட்டு டில்டனை விட்டுடாதே."

"எனக்கு முன்னாடி யாரும்மா இருப்பா?" சிக்னிக்குக் குரலே உடைந்தது. "உனக்கு இதெல்லாம் புரியாது. இந்த ஒண்ணுக்காக நான் எவ்வளவு காத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா?"

மார்லிஸ் மகளை ஒரு கணம் பார்த்தாள். ஏதோ சொல்வதற்காக வாயைத் திறந்தாள். போன் அடித்தது. வாயை மூடிக்கொண்டாள்.

குயின்டன்தான். மூன்று எண்ணி அழுத்துவது என்று ஏற்பாடு. எண்ணினார்கள். இருவருமே அழுத்தவில்லை. அவள் அழுத்துவாளா என்று அவனும், அவன் அழுத்துவானா என்று அவளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடித்ததும் இருவருக்கும் ஒரே அளவு ஆத்திரம் வந்தது. கலைஞர்களுக்குள் நம்பிக்கை என்பதே செத்துவிட்டதா என்று இருவரும் ஒரே சமயத்தில் கேட்டுக்கொண்டார்கள். அந்த ஆத்திரத்திலேயே மறுபடி எண்ணி, இருவரும் அழுத்திவிட்டார்கள்.

டில்டனிலிருந்து குயின்டனுக்கு உடனே அழைப்பு வந்துவிட்டது. அவன் சந்தோஷத்தில் அழுவதைச் சிக்னி பொறுமையாகக் கேட்டாள். உங்களுக்கும் இப்போ வந்துடும் மேடம், லைனை விடறேன் என்று அவன் விலகினான். சிக்னி தன் போனை மேஜையில், கேக் தட்டுக்குப் பக்கத்தில், முகம் மேலே தெரியும்படி வைத்தாள்.

அது அடிக்கவில்லை.

அம்மாவின் போன்தான் அடித்தது. மார்லிஸ் அதை எடுத்துக்கொண்டு நிலவறைப் படிகளில் இறங்கிப் போனாள். "ஆமாம், நான்தான்," என்றது குரல். பிறகு, "அப்படியா... ரொம்ப சந்தோஷம்... இல்லையில்லை, நிச்சயமா," என்றது. பல் மருத்துவமனைக்காரர்கள் மறுபடி வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்போல என்று சிக்னி நினைத்தாள்.

"இப்பத்தான் இந்த அம்மாவுக்கும் ஊர்க்கதை," என்றாள். "அப்பா, சீட்டு காலியாயிடுச்சு. அவங்க கண்ணு முன்னாடி கிடக்கு. ஒரு போன் பண்றதுக்கு இவ்வளவு நேரமா? இல்ல, எனக்கு முன்னாடி எவனாவது இருந்து, அவனுக்குக் குடுத்து, அவன் யோசிக்கறேன்னு சொல்லிட்டானா? அப்படி ஒருத்தன் இருந்தா அவன் மனுஷனே இல்ல."

"அது ஒரு மாதிரி வித்தியாசமாத்தான் இருக்கு," என்றார் ஓர்வில். ஆனால் இந்த முறை அவர் மகளைப் பார்த்துச் சொல்லவில்லை. நிலவறைக் கதவைப் பார்த்துச் சொன்னார்.

கதவு திறந்தது. மார்லிஸ் படியேறி வந்தாள். கன்னத்தில் நீல வண்ணம் ஒரு கீற்று. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஓர்வில் பழக்கதோஷத்தில் கத்தியை எடுத்து நீட்டினார். அவள் வாங்கவில்லை. கடைசித் துண்டை முழுசாகக் கையில் எடுத்து ஒரு கடி கடித்தாள். கத்தி அந்தரத்தில் அப்படியே நின்றது.

நிதானமாக மென்று விழுங்கிவிட்டு, விரலில் ஒட்டிய சர்க்கரையைத் தட்டிவிட்டு, மார்லிஸ் சொன்னாள்:

"வெக்ஸ்கோம்ப்காரங்கதான் கண்ணு. அந்தச் சீட்டை எனக்குக் குடுத்திருக்காங்க. ஒரு வாரம் டைம் இருக்காம், யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."