குமாரசிங்கம் மாஸ்டர் எடுத்த சில்

குமாரசிங்கம் மாஸ்டர் அந்தப் பாயில் உட்கார்ந்தது மூச்சு வாங்கத்தான். எல்ல என்ற ஊருக்கு மேலே மலை உச்சியில் இருந்த விகாரைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். கணக்கு வாத்தியார் என்பதால் ஒன்று விடாமல் எண்ணிக்கொண்டே ஏறியிருந்தார். ஏறியதில் மூச்சுப் போனதா, எண்ணியதில் போனதா என்று அவருக்கே தெரியாது. மனைவி யோகம்மாவும் மகள் தர்மிளாவும் பள்ளத்தாக்கைப் பார்க்கப் போய்விட்டார்கள். அரசமர நிழலில் யாரோ பாய் விரித்து வைத்திருந்தார்கள். உட்கார்ந்து கண்ணை மூடினார்.

திறந்தபோது சுற்றிலும் வெள்ளை உடுப்பில் நூறு பேர் இருந்தார்கள். போயா, பௌர்ணமி நாளாயிற்றே என்று யோகம்மா தோய்த்துக் கொடுத்த வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையும்தான் அவரும் உடுத்தியிருந்தார். முன்னால் ஒரு பிக்கு பாளியில் ஏதோ சொல்லச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள். வாய் மூடி இருப்பது மரியாதையில்லை என்று மாஸ்டரும் சொன்னார். வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் குரலில், நன்றாக உரத்தே சொன்னார்.

முடிந்ததும் தர்மிளா பின்னால் வந்து குனிந்தாள். பதுளைக்கு மாற்றலாகி வந்த இரண்டு வருடத்தில் அந்த வீட்டில் சிங்களம் பிடித்துக்கொண்டது அவள் ஒருத்திதான்.

"அப்பா, என்ன வேலை பார்த்தியள்? நீங்கள் சில் எடுத்துப்போட்டியள்."

"சில் எண்டால்?"

"எட்டு விரதம். பின்னேரம் அஞ்சு மணி மட்டும் இதிலயே இருக்கவேணும்."

"பஸ் நாலு மணிக்கெல்லே?"

தர்மிளா தாயைத் தேடிப் போனாள்.

போயாவுக்கு மட்டும் அந்த மலைக்கு வரும் ஒரே பஸ் அது. காலையில் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்ட டிரைவர் ஒருவர் குலுக்கிக் குலுக்கிக் கொண்டுவந்து இறக்கினார். அதை விட்டால் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது. வருடமோ தொண்ணூற்றேழு, யுத்த காலம். யாழ்ப்பாண விலாசம் போட்ட இரண்டு அடையாள அட்டைகளோடும் ஒரு பெண்பிள்ளையோடும் இருட்டில் நடந்து, சோதனைச் சாவடியில் சிங்களத்தில் விளக்கம் சொல்ல மாஸ்டருக்குத் தைரியம் இல்லை. நூறு பேர் பார்க்க விரதத்தின் நடுவில் எழுந்து போக அதைவிடத் தைரியம் இல்லை.

என்றாலும் முயன்று பார்த்தார். மெல்ல ஒரு முழங்காலை ஊன்றினார்.

பக்கத்துப் பாயில் இருந்த மொட்டைத் தலைக்காரர் உடனே கண்ணைத் திறந்தார். அவரும் ஒரு முழங்காலை ஊன்றினார். தடுக்கத்தான் எழும்புகிறார் என்று மாஸ்டர் பதறி உட்கார்ந்தார். அவரும் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பதினொரு மணிக்குச் சோறு வந்தது. மொட்டைத் தலைக்காரர் மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். பக்திக்கு நல்ல பசி எடுக்கும்போலிருக்கிறது என்று மாஸ்டர் நினைத்தார்.

பிறகு இருமிப் பார்த்தார். கடுமையாக இருமினால் எழுப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது திட்டம். கொத்தமல்லித் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, முதுகையும் தடவிவிட்டார்கள்.

கால் விறைத்தது என்று முனகினார். மொட்டைத் தலைக்காரரே ஓடிவந்து கைத்தாங்கலாகத் தூக்கினார். வெளியேதான் கூட்டிப்போகிறார் என்று மாஸ்டர் மகிழ்ந்த நேரத்தில், தொண்டர்கள் இருவரையும் அப்படியே முன்வரிசைக்குக் கொண்டுபோய், பிக்குவின் காலடியில் தலையணை போட்டு இருத்தினார்கள்.

மணி இரண்டரை. தர்மிளா மறுபடி வந்தாள்.

"கொம்மாவுக்குச் சுகமில்லையெண்டு சொல்லு" என்றார் மாஸ்டர். "மயக்கமெண்டு சொல்லு. என்னை விட்டிடுவினம்."

தர்மிளா போய்ச் சொன்னாள். நான்கு பெண்கள் ஓடினார்கள். நல்ல சுகத்தோடு புட்டுப் பொதியை அவிழ்த்துக்கொண்டிருந்த யோகம்மாவைத் தூக்கி மண்டபத்தில் கிடத்தி, நெற்றியெல்லாம் தைலம் பூசினார்கள். அவள் சொன்ன மறுப்பு அவர்களுக்கு விளங்கவில்லை. மயக்கத்தில் பிதற்றுகிறாள் என்று இன்னும் கொஞ்சம் பூசினார்கள்.

பிக்குவின் காதுக்கு விஷயம் எட்டியது. அவர் கண் கலங்க ஏதோ சொன்னார். நூறு பேரும் மாஸ்டரைப் பார்த்துக் கைகூப்பி "சாது, சாது" என்றார்கள்.

"என்னவாம்?"

"மனிசி மயங்கிக் கிடந்தும் சில்லை விடாத யாழ்ப்பாணத்து வாத்தியாராம் நீங்கள்" என்றாள் தர்மிளா. "இனி எழும்பாதேங்கோ அப்பா. வெக்கம்."

மொட்டைத் தலைக்காரர் மட்டும் "சாது" சொல்லவில்லை. மாஸ்டரைப் பார்த்து நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

நாலு மணிக்குக் கீழேயிருந்து பஸ் ஹோர்ன் கேட்டது. நாலேகாலுக்கு மறுபடி கேட்டது. நாலரைக்கு நிறுத்தாமல் அடித்தார்கள். ஒவ்வொரு தரமும் அவர் அரை அடி எழும்பினார், பக்கத்து ஆளும் எழும்பினார், இருவரும் உட்கார்ந்தார்கள். பிறகு சத்தம் நின்றுவிட்டது. போய்விட்டது பஸ். மாஸ்டர் மனதுக்குள் நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டார்.

ஐந்து மணிக்கு விட்டார்கள். மூவரும் படிகளில் இறங்கி ஓடினார்கள். இந்த முறை மாஸ்டர் எண்ணவில்லை.

"வயசுப் பிள்ளையோட இண்டைக்கு எங்க படுக்கிறது?" நெற்றி நிறையத் தைலத்தோடு யோகம்மா கேட்டுக்கொண்டே வந்தாள்.

கடைசி வளைவில் மூவரும் நின்றார்கள். பஸ் இருந்தது. சனம் நிறைய, வெளிச்சம் போட்டு, அப்படியே இருந்தது. மாஸ்டருக்கு அழுகையே வந்துவிட்டது. யோகம்மா கந்தனுக்கு ஒரு அர்ச்சனை நேர்ந்தாள்.

"ஏறுங்க, ஏறுங்க" என்றார் கண்டக்டர் எரிச்சலோடு. "சோறு குடுப்பாங்கன்னு காலையில மேல போன டிரைவரு இன்னும் வரலீங்க. ஹோர்ன் அடிச்சு அடிச்சு என் கைதான் வலிக்குது."

முன் இருக்கையில் இடம் கிடைத்தது. மாஸ்டர் சாய்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதியாக மூச்சு விட்டார். யோகம்மா புட்டுப் பொதியை அவிழ்த்தாள்.

வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க ஒருவர் டிரைவர் இருக்கையில் ஏறினார். ஸ்டியரிங்கில் தொங்கிய கம்பளித் தொப்பியை எடுத்து மொட்டைத் தலையில் மாட்டினார். சாவியைத் திருகப் போனவர், கண்ணாடியில் மாஸ்டரைக் கண்டு திரும்பினார்.

"ஏங்க ஐயா, நீங்க எந்திரிச்சா உங்க பின்னாலயே நானும் நழுவிடலாம்னு காலையிலருந்து பாத்துக்கிட்டே இருந்தேனே, ஒரு தடவையாவது எந்திரிச்சீங்களா?"