பனிச்சைமுறிப்பில் ‘தன்னை அறிந்த’ வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, வண்டிச் சில்லைக் கண்டுபிடித்தது. ‘தன்னை’ மட்டும் எங்கோ தவறவிட்டுவிட்டு யுகம் யுகமாகத் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் அது அகப்பட்ட இடம் எங்கள் பனிச்சைமுறிப்புக் குடியேற்றத் திட்டம். செட்டிகுளத்துக்கும் அப்பால், பஸ் போகாத பக்கம். இந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு. வயல் செய்யும் கமக்காரர் சங்கத்தின் கௌரவ காரியதரிசி சின்னராசா நான்தான்.

விஷயம் ஒரு கதவில் தொடங்கியது. குளத்துத் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் துருசின் இரும்புக் கதவு கறள் பிடித்து உடைந்துபோயிற்று. குளத்தில் பாதித் தண்ணீர்தான். நெல்லோ கதிர் வெளியே தள்ளப்போகும் குடலைப் பருவத்தில் நின்றது. புதுக் கதவு கேட்டு அரசாங்கக் கந்தோருக்கு எழுதிவிட்டு, அது வரும்வரை எங்கள் வழக்கப்படி துருசை அடைத்தோம். கம்பு கட்டிய ஒரு தட்டி, அதன்மேல் சாக்கு, சாக்கின்மேல் களிமண், வைக்கோல், சாணம். அதுவும் போதாமல் சங்கத்து மூத்தவர் ஏரம்பரின் கிழிந்த சாரம், றாபியாவின் பழைய சிவப்புச் சேலை, ரோட்டுப் போட்டவர்கள் விட்டுப்போன தார். ஒரு சொட்டுக் கசியவில்லை!

கந்தோர் எங்கள் முறைப்பாட்டை மிக ஆழமாகப் பரிசீலித்து, கதவுக்குப் பதிலாக உத்தியோகத்தர் யோகலிங்கம் ஐயாவை அனுப்பியது. ஐயா சீமைக்குப் போய்ப் பயிற்சி பெற்றவர். ‘பல்பொருள் அரூபச் சித்திரத்தின் வாயிலாகத் தன்னை அறிதல்’ என்ற திட்டத்தை ஜீப்பில் ஏற்றி வந்திருந்தார். பின்சீற்று நிறைய வர்ணப் பெட்டிகள்.

“ஐயா, கதவு எங்கை?” என்றாள் றாபியா. வாய்க்காலின் கடைசி வயல் அவளுடையது. போன போகம் பொய்த்துவிட்டது. இதுவும் போனால் காணியை விட்டுவிட்டு நாயாற்றுக் கடற்கரை வாடியில் மீன் காயப்போடப் போகவேண்டியதுதான்.

“கதவு வெளியில இல்லையம்மா. உங்கட உள்ளுக்குள்ள கிடக்கு. அதைத் திறக்கத்தான் நான் வந்தனான்.”

“எங்களுக்குப் பூட்டுற கதவெல்லோ ஐயா வேணும்!”

‘சனங்களிடம் கடுமையான மன இறுக்கம்’ என்று ஐயா குறித்துக்கொண்டார்.

சங்க மண்டபத்தில் வகுப்பு நடந்தது. ஆளுக்கொரு கடதாசி, ஆளுக்கொரு தூரிகை.

“மனசில என்ன கிடக்கோ அதைப் போடுங்கோ. ஆனால் கீழ கையெழுத்து முக்கியம். தன்ர படைப்பைத் தன்ரது எண்டு ஒப்புக்கொள்ளாதவன் தன்னை அறியேலாது!”

எவ்வளவு பெரிய வார்த்தை! நாங்கள் மனதைத் திறந்து வரைந்தோம். எல்லாக் கடதாசியிலும் துருசுக் கதவு. ஏரம்பர் நீள அகலமும் எழுதி, பிணைச்சலுக்கு எண்ணெய் விடவேண்டிய இடத்தையும் காட்டியிருந்தார்.

“உருவம்! உருவம்! நீங்கள் உருவத்துக்கு அடிமையாப் போனியள்!” என்று ஐயா தலையில் கைவைத்தார். அடிமைகளாகிய நாங்கள் தலைகுனிந்து நின்றோம்.

மனமுடைந்து குளக்கட்டுக்குக் காற்று வாங்கப் போன ஐயா அங்கேயே திகைத்து நின்றுவிட்டார். எங்கள் அடைப்பின் மேற்பாதி தண்ணீருக்கு வெளியே தெரிந்தது.

“ஐயோ! இது ஆரின்ர வேலை?”

“நாங்கள்தான் ஐயா, பொத்தல் அடைச்சது” என்றார் ஏரம்பர்.

“‘நான்’ எண்ட சொல்லே வரேல்லை, பாத்தியளோ! இந்தச் சிவப்பு? ஆவேசமோ?”

“என்ர சீலை” என்றாள் றாபியா.

“இந்தக் கறுப்பு? மரண பயமோ?”

“தார்.”

“தார்!” ஐயாவின் கண்கள் கலங்கின. “வவுனியாவில கலைக்காட்சி வருது. ஒரு கீறல் விழாமல் கழட்டுங்கோ.”

“கழட்டினால் குளம் வத்திப்போகும் ஐயா! நெல்லு குடலையில நிக்குது. எங்கட வாயில மண்ணைப் போடாதேங்கோ!” என்று எல்லோரும் கத்தினார்கள்.

“அது உங்கட பயம். முதல்ல பயத்தைக் கழட்டுங்கோ.”

றாபியா என்னைப் பார்த்தாள். காரியதரிசி என்றால் சும்மாவா? கடமையில் இறங்கினேன். ‘பனிச்சைமுறிப்பின் புகழை வவுனியா வரை பரப்பும் ஐயா அவர்களுக்குச் சங்கம் நன்றி நவில்கிறது’ என்று குளக்கட்டிலேயே தீர்மானம் நிறைவேற்றினேன். சனங்களின் கூக்குரலைப் ‘பலத்த கரகோஷம்’ என்று பதிந்தேன்.

தட்டியில் கயிறு கட்டி ஜீப்பால் இழுத்தார்கள். தட்டி வந்தது, பின்னாலேயே குளமும் வந்தது. துருசு வாய் இரைந்த இரைச்சலில் கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தன.

“பாருங்கோ, அடக்கி வைச்ச உணர்ச்சி எப்பிடிப் பாயுது!” என்று ஐயா துள்ளினார்.

“அது உணர்ச்சியில்லை ஐயா, தண்ணி!” என்று கத்திக்கொண்டு றாபியா சாக்கோடு ஓடினாள். நாங்கள் போட்ட சாக்கெல்லாம் வெள்ளத்தோடு போயின. வாய்க்காலை உடைத்துக்கொண்டு தண்ணீர் காட்டுக்குள் இறங்கிற்று. றாபியா சேற்றில் குந்தியிருந்து அழுதாள். ‘ஆனந்தக் கண்ணீர்’ என்று அதையும் பதிந்தேன்.

வவுனியாவில் எங்கள் அடைப்பு ‘ஆன்மாவின் விம்மல்’ என்ற பெயரில் முதற் பரிசு பெற்றது. பரிசு ஒரு வர்ணப் பெட்டியும் தூரிகையும். சேலைக்காரி என்ற உரிமையில் றாபியாவிடம் கொடுத்தார்கள். பிறகு மழையும் இல்லை, கதவும் இல்லை. நெல் நின்ற நிலையில் வைக்கோலானது. என் வயலும்தான், அதை விடுங்கள்; பொதுவாழ்வில் இருப்பவன் சொந்தக் கதை பேசலாகாது.

றாபியா சட்டி பானைகளை மாட்டுவண்டியில் ஏற்றி நாயாற்றுக்குப் புறப்பட்ட காலையில் ஐயாவின் ஜீப் மறுபடி வந்தது. குளத்தை எட்டிப் பார்த்தவர் அப்படியே பூரித்துப்போனார். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“அடடா! களிமண், மீன்முள்ளு, சிப்பி, பட்டமரம்! முந்தினதையே தூக்கிச் சாப்பிட்டுப்போட்டுது! சொல்லுங்கோ, இது ஆரின்ர படைப்பு?”

றாபியா வண்டியிலிருந்து இறங்கினாள். பரிசுப் பெட்டியைத் திறந்து, தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, மிக மரியாதையாக ஐயாவிடம் நீட்டினாள்.

“உங்கடதான் ஐயா. கீழ கையெழுத்துப் போடுங்கோ. பக்கத்தில காரியதரிசியாருக்கும் கொஞ்சம் இடம் விடுங்கோ.”