டிஷ் வைத்ததால் செத்துப்போன முள்ளம்பன்றி

ஒரு காட்டில் சிங்கம்தான் ராஜா. அது இந்தக் கதையில் வராது, விட்டுவிடுங்கள். காட்டை நிஜமாக நடத்தியது தவசி என்கிற குரங்கு. மரத்துக்கு மரம் ஒயர் இழுத்து வீட்டுக்கு வீடு கேபிள் கொடுத்தது அதுதான். போதாக்குறைக்கு லோக்கல் சேனல் ஒன்றும் வைத்திருந்தது. காதுகுத்து, பிறந்தநாள் வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் ஓடும்.

அதே காட்டில் வேலாண்டி என்று ஒரு முள்ளம்பன்றி. அதன் பெண்டாட்டி செம்பாயி. ஒருநாள் சீரியலில் மாமியார் மருமகளை அறையக் கை ஓங்கும்போது படம் நின்றுவிட்டது. மூன்று நாளாக இதே கூத்து.

"ஏங்க, டிஷ் வச்சிரலாம்," என்றது செம்பாயி.

"மழை பேஞ்சா டிஷ் தெரியாதுடி."

"காத்தடிச்சா கேபிள் தெரியாது. நம்ம காட்டுல மழை வருஷத்துக்கு நாலு நாள். காத்து தினம். எது தேவலைன்னு நீங்களே சொல்லுங்க."

வேலாண்டி மறுநாளே டிஷ் வைத்துவிட்டது. டிஷ் மாட்டுகிற கொக்கு வந்து வளைக்கு மேலே தட்டைத் திருகித் திருகி, "தெரியுதா?" என்று கத்தியது. உள்ளேயிருந்து செம்பாயி, "தெரியல!" என்று கத்தியது. அரை நாள் கத்திய பிறகு நானூறு சேனல் தெரிந்தது. அதில் பாதி புரியாத பாஷை. இருந்தாலும் மாமியாரின் அந்த அறை பளிச்சென்று விழுந்ததை இருவரும் கண்ணாரப் பார்த்தார்கள்.

ஒயரைச் சுருட்ட வந்த தவசி கோபப்படவே இல்லை. "சந்தோஷம்ணே. டிஷ்ஷுக்குப் போன வீடு எனக்குச் செத்த வீடு. அவ்வளவுதான்," என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் மான் ஒன்று அழுதுகொண்டே வந்தது. பின்னாலேயே காட்டுப்பன்றி, கையில் பெரிய மாலை.

"யாருக்கு மாலை?" என்றது வேலாண்டி.

"உனக்குத்தான்யா. விடிஞ்சதுலேருந்து லோக்கல் சேனல்ல உன் போட்டோ போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஓடுது. நீ பாக்கலையா?"

"என் டிவியில அந்தச் சேனல் வராதே."

"அதான் உனக்கு விஷயம் தெரியல. சரி, மாலை வாங்கியாச்சு, கழுத்தை நீட்டு."

மாலை முள்ளில் சிக்கிப் பிய்ந்தது. வந்தவர்கள் வேலாண்டியை நேரிலேயே பார்த்தார்கள். அதற்காக அழுகையை நிறுத்தவில்லை. நடுவில் டீ மட்டும் கேட்டார்கள்.

இது இத்தோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். மத்தியானம் நரி மூட்டை முடிச்சோடு வந்து நின்றது. கையில் சீல் வைத்த தாள். இறந்துபோன வேலாண்டியின் வளை இனி நரிக்கு என்று காட்டு ஆபீஸ் கரடி எழுதிக் கொடுத்திருந்தது. பட்டா வேலாண்டி பேரில். செம்பாயியின் பேர் எந்தத் தாளிலும் இல்லாததால் அப்படி ஒருத்தி இருப்பதே ஆபீசுக்குத் தெரியாது.

வேலாண்டி ஆபீசுக்கு ஓடியது.

"சார், நான் உயிரோட இருக்கேன்."

"ஆதாரம்?" என்றது கரடி.

"உங்க முன்னாடிதானே நிக்கிறேன்!"

"வந்து நின்னாப் போதுமா? டிவியில போட்டோவோட வந்திருக்கு. மறுப்பும் டிவியில வரணும். இல்ல, உயிரோட இருக்கிற சான்றுக்கு மனு போடுங்க. ஆனா வாரிசுதான் கையெழுத்துப் போடணும். இறந்தவர் கையெழுத்து செல்லாது."

"யார் சார் இறந்தவர்?"

"நீங்கதான். அடுத்த ஆள் வாங்க."

அங்கிருந்து நேராகத் தவசி வீட்டுக்கு. "தவசி, ஒரு மறுப்புப் போடுப்பா. வீடே போகப் போவுது."

"நம்ம கஸ்டமருக்கு மட்டும்தான்ணே போடுறது. செத்தவங்களைக் கஸ்டமரா சேக்கிற வழக்கம் இல்ல. உங்களுக்காக வேணா பாக்குறேன். ரெண்டு கனெக்ஷனா எடுத்துக்கங்க. கூடத்துக்கு ஒண்ணு, அடுக்களைக்கு ஒண்ணு."

வேலாண்டிக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் ஒரே குத்து, கெட்டவன் திருந்தியிருப்பான். ஆனால் இந்நேரம் நரி சாமான் இறக்கியிருக்குமே என்று நினைத்ததும் முள் தானாகப் படுத்துவிட்டது. ரெண்டு கனெக்ஷனுக்கும் கையெழுத்துப் போட்டது.

மூன்று மணிக்கு லோக்கல் சேனலில் வாழ்த்துச் செய்தி ஓடியது: "இன்று காலை காலமான வேலாண்டி அவர்கள், நமது கேபிள் இணைப்பு பெற்றதைத் தொடர்ந்து தற்போது நலமாக இருக்கிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்."

கரடி அதை இரண்டு தடவை படித்துவிட்டு சீல் குத்தியது. நரி திட்டிக்கொண்டே மூட்டையைக் கட்டியது.

நாலு மணிக்குள் காட்டில் டிஷ் வைத்திருந்த பதினொரு வீட்டுக்காரர்களும் தவசி வாசலில் க்யூவில் நின்றார்கள். அத்தனை பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார்கள்.

நீதி: படம் பளிச்சென்று தெரிய வேண்டுமா, டிஷ் வையுங்கள். உயிரோடு இருக்க வேண்டுமா, கேபிள்.