ஒரு லிட்டர் டீசலும் ஒரு ரிசப்ஷனும்

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். ஒரு வண்டியைப் பார்த்து, வேணும் இல்ல வேண்டாம்னு சொல்லணும்.

அவ்வளவுதான்! இதைக்கூட ஒழுங்கா செய்யத் தெரியாத ஒருத்தி உலகத்துல இருப்பாளான்னு கேட்பீங்க. இருக்கேன்.

இது தொண்ணூறுகள்ல நடந்தது. அப்போ நாங்க பெங்களூர் காக்ஸ் டவுன்ல இருந்தோம். என் வீட்டுக்காரர் செல்வராஜ், கல்யாண வீடுகளுக்கு சீரியல் லைட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடுறவர். ஜெனரேட்டர்னா கையில தூக்கிட்டுப் போற பொட்டி இல்ல. ரெண்டு சக்கரம் வச்சு, யானைக்குட்டி மாதிரி நிக்கும். ஏதாவது ஒரு வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுத்தான் போகணும். அதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு டெம்போக்காரரைக் கெஞ்சணும். அவருக்கு மனசு வந்தா வருவார்.

அதனால சொந்தமா ஒரு வண்டி வாங்குறதுன்னு முடிவாச்சு.

இவருக்கு ஜெனரேட்டரை இழுக்கிற வண்டி வேணும். காலேஜ் போற என் பொண்ணு ஷீலாவுக்கு, யார் மடியிலயும் யாரும் உட்காராம போற வண்டி வேணும். எனக்கு, டீசலைக் குடிக்காத வண்டி வேணும்.

ஷீலா ஒரு சின்னக் காரைக் காட்டினா. "இது அழகா இருக்கு மம்மி!"

"அழகுதான். ஆனா மேடு வந்தா கார் ஜெனரேட்டரை இழுக்காது. ஜெனரேட்டர்தான் காரைப் பின்னாடி இழுத்துட்டுப் போகும்"னார் இவர்.

கடைசியில பழைய வண்டி விக்கிற பாஷா பாய் ஒரு நீளமான டீசல் ஜீப்பைக் கொண்டு வந்தார். பின்னாடி எதிரும் புதிருமா ரெண்டு நீள சீட்டு. ஒரு குடும்பமே உட்கார்ந்து குலுங்கிட்டுப் போகலாம். வண்டிக்கு அடியில கொக்கி. எல்லாம் சரி.

"மைலேஜ் எப்படி பாய்?"

"அரே, மைலேஜ் பத்தி பேசவே நக்கோ, வேண்டாம்மா! டீசலை மோந்து பார்த்தாலே ஓடும்!"

நான் எட்டாவதோட படிப்பை நிறுத்தினவ. யார் என்ன சொன்னாலும் கண்ணால பார்த்தாத்தான் நம்புவேன். "அப்போ பாட்டில் வச்சு ஓட்டிக் காட்டுங்க"ன்னேன்.

அந்தக் காலத்துல மெக்கானிக்குங்க மைலேஜ் பார்க்கிறது இப்படித்தான். டேங்க்ல இருந்து வர்ற பைப்பைக் கழட்டிடுவாங்க. ஒரு பாட்டில்ல ஒரு லிட்டர் அளந்து ஊத்தி, அதுல இருந்து எஞ்சினுக்கு டியூப் விடுவாங்க. பாட்டில் காலியாகி வண்டி எங்கே நிக்குதோ, அது வரைக்கும் ஓடின தூரம்தான் மைலேஜ். இதுல பொய் சொல்ல முடியாது.

பாய் ஒத்துக்கிட்டார். நான் அதோட விட்டிருக்கணும்.

"காலி வண்டி யாருக்குத்தான் மைலேஜ் தராது? நாங்க எல்லாரும் ஏறி உட்காருவோம். பின்னாடி ஜெனரேட்டரும் இருக்கணும்"னேன்.

"சரிம்மா."

"சனிக்கிழமை சந்தாபுராவுல எங்களுக்கு ஒரு ரிசப்ஷன் இருக்கு. அங்கே போற வழியிலயே டெஸ்ட் பண்ணிடலாம். டெம்போவும் தேவைப்படாது!"

இவருக்கு மூஞ்சி மாறிடுச்சு. "பிலோமினா, அது தாமஸ் சார் வீட்டு ரிசப்ஷன். நம்ம சர்ச்சுல பாதிப் பேர் அங்கேதான் இருப்பாங்க. அன்னைக்கு லைட் எரியலைன்னா அப்புறம் ஒரு வீட்டுலயும் நம்மளைக் கூப்பிட மாட்டாங்க. விளையாடாதே."

"என்னங்க ஆகிடும்? டீசல் தீர்ந்தா பங்க்ல ஊத்திக்கிறது!"

"வண்டி நின்ன இடத்துக்குப் பங்க் நடந்து வருமா?"

"வழியெல்லாம் பங்க்தானே!"

சனிக்கிழமை மத்தியானம் பாய் வண்டியோட வந்தார். ஜெனரேட்டரை மாட்டியாச்சு. எனக்கு திடீர்னு ஒரு சந்தேகம். டேங்க்லயும் டீசல் இருக்கே! நடுவுல பாய் எதையாவது திருகி விட்டா எனக்கு எப்படித் தெரியும்?

"பாய், டேங்க்ல இருக்கறதையும் ஒரு கேன்ல எடுத்துடுங்க. கேன் எங்க வீட்டுலயே இருக்கட்டும்."

பாய் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "எத்தனையோ வருஷமா வண்டி விக்கிறேன்மா. போலீஸ்கூட என்னை இப்படி சோதனை போட்டது இல்ல."

டேங்க் காலி. கேன் எங்க சமையலறையில. கிளம்பிட்டோம்.

பாய் ஓட்டினார். நான் முன் சீட்டு. என் மூஞ்சிக்கு நேரா பாட்டில் தொங்குது, ஆஸ்பத்திரியில டிரிப்ஸ் ஏத்துற மாதிரி. பின்னாடி பட்டுப் பாவாடையில ஷீலா, வெள்ளைச் சட்டையில இவர், இவரோட தம்பி ஸ்டீபன், அப்புறம் சீரியல் லைட் மூட்டைங்க.

நான் ரோட்டையே பார்க்கல. பாட்டிலையே பார்த்துட்டு வந்தேன்.

"பாய், மெதுவா போங்க. டீசல் சர்ருனு இறங்குது!"

"சரிம்மா."

"பாய், ஹாரன் அடிக்காதீங்க."

"ஹாரனுக்கு டீசல் வேண்டாம்மா."

"எதுக்கு வம்பு? அடிக்காதீங்க."

பின்னாடி இருந்து ஸ்டீபன், "அண்ணி, நாங்க மூச்சு விடலாமா?"ன்னான்.

மடிவாளா மார்க்கெட் வந்துச்சு. சாயங்கால நேரம். தள்ளுவண்டி, பஸ், லாரி, தக்காளிக் கூடை. அந்த நட்ட நடு ரோட்டுல கடைசிச் சொட்டு டியூப்ல இறங்கிச்சு. வண்டி ஒரு தடவை இருமிச்சு. நின்னுடுச்சு.

"நின்னுடுச்சு! நின்னுடுச்சு!"ன்னு நான் கை தட்டினேன். "பாய், மீட்டரைப் பாருங்க!"

மீட்டரை எங்கே பார்க்கிறது? எங்களுக்குப் பின்னாடி ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்குப் பின்னாடி பெங்களூர். மொத்த ஊரும் ஹாரன் அடிக்குது! டிராஃபிக் போலீஸ்காரர் ஓடி வந்தார்.

"ஏன்ம்மா இது? காடி தெகீரி, காடி தெகீரி!"

எனக்கு கன்னடம் நல்லா வரும். ஆனா வண்டியை எடுன்னா எதை வச்சு எடுக்கிறது? "டீசல் தீர்ந்துபோச்சு சார்"னு கன்னடத்துலயே சொன்னேன்.

"டீசல் ஹாக்ஸ்தே யாக்ரீ பந்த்ரி?"

டீசல் போடாம ஏன் வந்தேன்னு கேட்கிறார். பதில் இருக்கு. வேணும்னேதான் போடல, டேங்க்ல இருந்ததையும் எடுத்துட்டுத்தான் வந்தோம்னு ஒரு போலீஸ்காரர்கிட்ட எப்படிச் சொல்றது?

எல்லாரும் இறங்கித் தள்ளினோம். வண்டி அசையல. அசைஞ்சாலும் ஜெனரேட்டர் கூடவே வரணுமே! கடைசியில காய்கறிக்காரங்க நாலு பேர் கை கொடுத்து ஓரமா தள்ளிவிட்டாங்க. ஒரு அம்மா என் பட்டுச்சேலையைப் பார்த்துட்டு, "கல்யாணப் பொண்ணோட அம்மாவா?"ன்னு பாவமா கேட்டாங்க.

இவர் வாட்சைப் பார்க்கிறார். ஹால்ல இன்னும் ஒரு பல்புகூட கட்டல. "பங்க் எங்கே பிலோமினா? வழியெல்லாம் பங்க்னியே!"

"இங்கே பக்கத்துல எங்கேயாவது இருக்கும். ஸ்டீபன், ஓடிப் போய் வாங்கிட்டு வாடா!"

"எதுல அண்ணி வாங்குறது? இந்த ஒத்தை பாட்டில்ல வாங்கினா எவ்வளவு தூரம் போகும்? கேன் உங்க சமையலறையில இருக்கு."

ஆளாளுக்கு என்னைப் பார்த்தாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஜெபமாலையை எடுத்துட்டேன்.

அப்போதான் ஷீலா மெதுவா கேட்டா. "டாடி, ஜெனரேட்டருக்கு நாம என்ன ஊத்துறோம்?"

எல்லாரும் திரும்பி ஜெனரேட்டரைப் பார்த்தோம்.

எங்க முதுகுக்குப் பின்னாடி ஒரு டேங்க் நிறைய டீசல்! அதை இழுத்துட்டு வந்துதான் டீசல் இல்லாம நின்னிருக்கோம்!

பாட்டில் இருக்கு, டியூப் இருக்கு. ஸ்டீபன் ஜெனரேட்டர் டேங்க்ல டியூபை விட்டு வாயால உறிஞ்சினான். முதல் தடவை காத்து வந்துச்சு. ரெண்டாவது தடவை டீசலே வந்துடுச்சு. அவன் மூஞ்சி போன போக்கைப் பார்த்து போலீஸ்காரர்கூட சிரிச்சுட்டார்.

இவர் போலீஸ்காரரை சமாதானம் பண்ணிட்டு இருந்தார். பாய் பானெட்டுக்குள்ள தலையை விட்டு, டேங்க் பைப்பைத் திரும்ப மாட்டி, அதுல புகுந்த காத்தை ஸ்பேனரால வெளியேத்திட்டு இருந்தார். ஜீப் டேங்க்ல டீசல் ஊத்துறதுக்கு மேற்பார்வை நான்.

"போதுமா அண்ணி?"

"இன்னொரு பாட்டில் ஊத்து."

"இப்போ?"

"சந்தாபுரா தூரம்டா. மறுபடியும் நின்னுட்டா? இன்னொண்ணு!"

"அண்ணி, எனக்கு நாக்கே மரத்துப்போச்சு."

"நாக்கை வச்சு என்ன பண்ணப்போற? ஊத்து!"

வண்டி கிளம்பிடுச்சு. கொஞ்ச தூரத்துலயே பங்க் வந்துச்சு. ஒண்ணு இல்ல, வரிசையா வந்துச்சு. "ஜெனரேட்டருக்கு ஊத்திட்டுப் போயிடலாமா?"ன்னு ஸ்டீபன் கேட்டான். "நேரமாச்சு, எங்கேயும் நிறுத்தாதீங்க!"ன்னு கத்தினது யாருன்னு நான் சொல்லணுமா?

ஹாலுக்குப் போய் அவசர அவசரமா சீரியல் லைட் கட்டினோம். தாமஸ் சார் ரிட்டயர்டு வாத்தியார். லேட்டா வந்த பசங்களைப் பார்க்கிற மாதிரியே எங்களைப் பார்த்தார். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்தாங்க. கேக் மேல கத்தியை வச்சாங்க.

கரண்ட் போயிடுச்சு!

இவர் ஓடிப்போய் ஜெனரேட்டர் ஹேண்டிலைச் சுத்தினார். டபடபடபன்னு ஸ்டார்ட் ஆச்சு. லைட் எல்லாம் எரிஞ்சுது. எல்லாரும் கை தட்டினாங்க. எனக்குப் பெருமை தாங்கல.

டப... டப... டப்.

இருட்டு.

டார்ச் அடிச்சு டேங்க்கைப் பார்த்தார் இவர். அடியில ஈரம்தான் இருந்துச்சு. "ஸ்டீபன், எத்தனை பாட்டில்டா எடுத்தே?"

"அண்ணியைக் கேளு."

நான் இருட்டுல இன்னும் கொஞ்சம் இருட்டான இடமா பார்த்து நின்னுக்கிட்டேன்.

தாமஸ் சார் வந்தார். குரலை உசத்தல. "செல்வராஜ், ஜெனரேட்டர் கொண்டு வந்தீங்களா, இல்ல அதோட போட்டோ மட்டும் கொண்டு வந்தீங்களா?"

உள்ளே மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. எங்க சர்ச் ஆளுங்க எல்லாரும் இவர் பேரைச் சொல்றது காதுல விழுது. இன்னையோட நம்ம தொழில் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

திரும்பவும் ஷீலாதான். "பாய், ஜீப்பை ஹால் வாசலுக்கு நேரா நிறுத்தி ஹெட்லைட்டைப் போடுங்க!"

ஹாலோட பெரிய கதவு ரெண்டையும் திறந்தாங்க. பாய் ஜீப்பை வாசல்ல நிறுத்தி, ரெண்டு ஹெட்லைட்டையும் முழுசா போட்டார். மேடை ஜொலிச்சுது! பின்சுவத்துல பொண்ணு மாப்பிள்ளை நிழல் கூரை வரைக்கும் எழும்பி நின்னுச்சு. எல்லாரும் 'ஓ'ன்னு கத்தினாங்க. அந்த வெளிச்சத்துலயே கேக் வெட்டினாங்க. என்ன, எல்லா போட்டோவுலயும் மாப்பிள்ளை கண்ணை மூடிட்டுத்தான் இருப்பார்.

இதுக்குள்ள ஜீப்புல இருந்து டீசலைத் திருப்பி எடுத்து ஜெனரேட்டருக்கு ஊத்தணும்.

"ஸ்டீபன்..."

"சத்தியமா மாட்டேன் அண்ணி."

இவரைப் பார்த்தேன். மேடை மாதிரி ஜொலிக்கிற வெள்ளைச் சட்டை. பாயைப் பார்த்தேன். "நான் வண்டி விக்க வந்தவன்மா"ன்னார்.

வேற வழி? பட்டுச்சேலையை இழுத்துச் செருகிட்டு, ஜீப்புக்குப் பக்கத்துல குத்த வச்சு, டியூபை நானே வாயில வச்சேன். ஸ்டீபன்கிட்ட மனசார மன்னிப்புக் கேட்கணும்னு அப்போ தோணிச்சு. வாய் திறக்க முடிஞ்சிருந்தா கேட்டிருப்பேன்.

பாட்டில் பாட்டிலா ஊத்தினோம். இவர் ஹேண்டிலைச் சுத்தினார். சுத்தினார். வேர்த்து விறுவிறுத்து சுத்தினார். ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆச்சு.

அதே நிமிஷம் கரண்ட்டும் வந்துடுச்சு.

பளிச்சுனு ஊரே வெளிச்சமாச்சு. சாப்பாட்டுக்குப் போற கூட்டம் மொத்தமும் வாசல்ல நின்னு என்னைப் பார்க்குது. கையில டியூப். வாயைச் சுத்தி டீசல். எங்க சர்ச் பாட்டு டீச்சர், "பிலோமினாக்கா, ஜூஸ் உள்ளே தர்றாங்களே!"ன்னாங்க.

தாமஸ் சார் எங்களைப் பார்த்து வந்தார். இவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

"செல்வராஜ், மாப்பிள்ளை வீட்டுல ஒண்ணு கேட்கிறாங்க. அவங்க வீட்டுல அடுத்த கல்யாணம் வருதாம். அந்த ஜீப் லைட் எஃபெக்ட்டுக்குத் தனி வாடகையா, இல்ல சீரியல் லைட்டோட சேர்த்தா?"

இவர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கிட்டார். "நமக்குள்ள என்ன சார்! சேர்த்துதான்!"

எனக்குப் போன உயிர் வந்துச்சு. கூடவே டீசல் ஏப்பமும் வந்துச்சு.

சாப்பிட்டு முடிச்சு எல்லாரும் ஜீப்புகிட்ட வந்தோம். பாய் பீடாவை மென்னுக்கிட்டே கேட்டார். "அப்போ டெஸ்ட் முடிஞ்சுதா அம்மா? மைலேஜ் எவ்வளவு வந்துச்சு?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் ஸ்டீபனைப் பார்த்தார். ஸ்டீபன் ஷீலாவைப் பார்த்தான். மடிவாளாவுல வண்டி நின்னப்போ மீட்டரை யாருமே பார்க்கல! அதுக்கப்புறம் அதே மீட்டர் சந்தாபுரா வரைக்கும் ஓடிடுச்சு.

"அதுக்கென்னம்மா, நாளைக்கு இன்னொரு லிட்டர் ஊத்தி..."

"வேண்டாம் பாய்! வண்டியை வாங்கிக்கிறோம்!"

நாலு பேரும் ஒரே குரல்ல சொன்னோம்.

அந்த ஜீப் எங்க வீட்டுல ரொம்ப வருஷம் ஓடிச்சு. லிட்டருக்கு எவ்வளவு கொடுத்துச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் வேண்டாம்.