அழகுசாதனக் கடையில் ஒரு மௌன அஞ்சலி

கொழும்பு வெள்ளவத்தையில் ஓய்வுபெற்ற பேராசிரியருக்கு ஓர் உத்தியோகம் நிச்சயம்: இரங்கலுரை. யார் கண்மூடினாலும் என் கைபேசி ஒலிக்கும். பிறப்பு, கல்வி, தொழில், தொண்டு, இறுதியில் மௌன அஞ்சலி என்றே பேசிப் பழகியதில், உயிருடன் இருப்பவரைப் பற்றிப் பேசும் முறை எனக்கு மறந்துபோயிருந்தது. காலி வீதி என்னும் எங்கள் பெருந்தெருவில் ஓர் அழகுசாதனக் கடை திறக்கப்பட்ட அன்றுதான் அது தெரியவந்தது.

கடை ஒரு பிரபல பொப் பாடகியினுடையது. கொட்டாஞ்சேனைக் கலியாண மண்டபங்களில் பாடத் தொடங்கி, கடல் கடந்தும் புகழ்பெற்று, பின்னர் தம் பெயரிலேயே உதட்டுச்சாயமும் வாசனைத் திரவியமும் விற்கத் தொடங்கியவர். என் மனைவியின் தங்கை மகள் கார்த்திகா அவரிடம் வேலை செய்தாள்.

"பெரியப்பா, திறப்புவிழாவில அவவின்ர வாழ்க்கையைப் பற்றி அஞ்சு நிமிசம் கதைச்சாக் காணும். எல்லாம் வடிவா நடந்தா என்னை மனேஜராக்கிறன் எண்டவ. பிழைச்சா இருக்கிற வேலையும் போயிடும்."

"எனக்கு அவவின்ர ஒரு பாட்டும் தெரியாதே, பிள்ளை."

"பெரியம்மாவுக்கு எல்லாம் பாடமா இருந்ததே."

(உண்மை. உயிருடன் இருந்தவரை, சமைக்கும்போது குசினியில் என் மனைவி அவற்றைத்தான் பாடுவாள். ஊரில் எல்லோருடைய நினைவுநாளிலும் பேசிய நான், அவளுடைய நினைவுநாளில் மட்டும் வாய் திறக்கவில்லை.) சம்மதித்தேன்.

உரை கம்பீரமாகவே தொடங்கியது. "அன்னார் கொட்டாஞ்சேனையில் பிறந்தவர்" என்றேன். (அன்னார் முன்வரிசையில், சிவப்புச் சப்பாத்துடன், கால்மேல் கால்போட்டு அமர்ந்திருந்தார்.) "அவரது இழப்பு இசையுலகுக்கும் வணிகவுலகுக்கும் ஈடுசெய்ய இயலாதது" என்றேன். கார்த்திகாவின் முகம் வெளிறியது. உருகிவிட்டாள் என்று எண்ணினேன். குரலைத் தாழ்த்தி, "அனைவரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்துவோமாக" என்று முடித்தேன்.

வெள்ளவத்தைச் சனம் ஒழுக்கமானது. யாருக்கு என்று கேளாமலே எழுந்து தலைகுனிந்தார்கள். பாடகியும் எழுந்து தலைகுனிந்தார். அந்த அமைதியில்தான் நான் செய்தது எனக்கே விளங்கியது. கலைக்க மனம் வரவில்லை. மனைவியை நினைத்தபடி நின்றேன்.

பாடகிதான் முதலில் நிமிர்ந்தார். "ஏன் தங்கச்சி, நான் எப்ப செத்தேன்?"

கார்த்திகா முன்னால் ஓடிவந்தாள். "மேடம், பெரியம்மா போனதிலயிருந்து பெரியப்பாவுக்கு வேற பேச்சு வாறேல்ல."

பாடகி என்னிடம் நடந்து வந்தார். என் கையிலிருந்த ஒலிவாங்கியை வாங்கினார்.

"சரி, செத்தவ கடையில இன்னைக்கு எல்லாம் பாதி விலை. அழுவுறவங்க வரிசையில வாங்க."

மாலைக்குள் கடையின் அலுமாரித் தட்டுகள் காலியாகின. கார்த்திகா மனேஜரானாள்.

இன்றும் எங்கள் குடும்பத்துப் பிறந்தநாள் விழாக்களில் நான் தொண்டையைச் செருமினால் போதும். சிறியவர் பெரியவர் அனைவரும் எழுந்து, கேக்கைச் சுற்றித் தலைகுனிந்து நிற்கிறார்கள். "இண்டைக்கு ஆர், பெரியப்பா?" என்று கார்த்திகா கேட்பாள். நான் பெயர் சொல்வதில்லை. அவர்களை உட்காரச் சொல்ல அவசரப்படுவதுமில்லை.