புள்ளி வைத்த ஊசி

பினாங்குத் தீவிலேயே கம்ப்யூட்டரோடு நேருக்கு நேர் வாய்ச்சண்டை போட்ட ஒரே ஆள் எங்கள் வார்டு ஒத்தவிரல் மிஸ்ஸிதான். நர்ஸை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இருபது வருஷம் மருந்துச் சீட்டைப் பார்த்தே ஊசி போட்டவரிடம், இனிமேல் சீட்டே கிடையாது, எல்லாம் திரையில்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒற்றை ஆள்காட்டி விரலால்தான் தட்டுவார். திரையில் எந்த எச்சரிக்கை வந்தாலும் வார்டுக்கே கேட்கும்படி முழுசாக வாசித்து, "சரிலா, அதுக்கென்ன இப்போ?" என்று அதனிடமே கேட்பார். ஒரு மாத்திரை கொடுப்பதற்குள் எனக்குத் தலை வெடித்துவிடும்.

டாக்டர்கள் நாங்கள் பெரிய கெட்டிக்காரர்கள். எச்சரிக்கையை மீறக் காரணம் என்ன என்று அது கேட்கும் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுவோம். அதோடு வாயை மூடிக்கொள்ளும்.

அன்று பாலிக் புலாவ் ஊர் டுரியான் பழத் தோட்டக்காரர் ஒருவர் கால் வீங்கிச் சீழ் பிடித்து, காய்ச்சலில் கிடந்தார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வர ஐந்து நிமிஷம்தான் இருந்தது. நான் எழுதிய பென்சிலின் ஊசி இன்னும் ஏறவில்லை. மிஸ்ஸி அதை டிரேயில் வைத்துவிட்டுத் திரை முன்னால் நிற்கிறார்.

"அக்கா, சீக்கிரம். என் மானம் போவுது."

"பென்சிலின் அலர்ஜினு போட்டிருக்கு. காரணம் கேட்டிருக்கு. நீங்க புள்ளி வெச்சிருக்கீங்க. புள்ளினா என்ன டாக்டர்?"

"எல்லாருக்கும் இப்படித்தான் ஏதாச்சும் வரும். போடுங்க, நான் பாத்துக்குறேன்."

"நான் போட மாட்டேன்."

எனக்கு வந்ததே கோபம். காய்ச்சலில் கண்மூடிக் கிடந்த தோட்டக்காரரைத் தவிர வார்டே வேடிக்கை பார்த்தது. இவரை வேறு வார்டுக்குத் தூக்கியடிக்காமல் விடுவதில்லை என்று மனசுக்குள் கறுவினேன். அவரோ விறுவிறுவென்று கட்டிலருகே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"அண்ணே, முன்னாடி ஊசி போட்டு ஏதும் ஆயிருக்கா?"

"ஆமா மிஸ்ஸி. கிளினிக்ல ஒரு தடவ. மூஞ்சி வீங்கி, மூச்சே நின்னுப்போச்சு. பொழச்சதே பெருசுலா."

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

"டாக்டருக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. உங்களக் கேட்டுக்கச் சொன்னாரு" என்றார் மிஸ்ஸி, என் முகத்தைப் பார்க்காமலேயே.

தோட்டக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருக்கணும் டாக்டர்."

வெளியே வந்ததும் மிஸ்ஸி மெல்லச் சொன்னார். "அவரு பயந்துறக் கூடாதுன்னு அப்படிச் சொன்னேன். ரிப்போர்ட்டுல உண்மைய எழுதிருங்க."

எழுதினேன். பெரிய டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தத் திட்டெல்லாம் மறந்துபோயிற்று. அந்த மனுஷி எனக்காகச் சொன்ன ஒரு பொய்யை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் கண் கலங்கிவிடுகிறது.